டப்பிங் அத்தை பதில்கள்: யாருக்கு எந்த வேஷம்?

போன இதழில், ஹாரி பாட்டர் மறுபடியும் தொடராக வரப்போகிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த ஆசிரியர், “இந்தத் தடவை வேறு எதுவும் வேண்டாம், இதையே முடித்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டார். சீரியல் மாமியார்களைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும். இன்னொன்று, கீழே சில கதைகளின் முடிச்சுகள் அவிழ்ந்து கிடக்கின்றன. இன்னும் பார்க்காதவர்கள், படிக்காதவர்கள் பார்த்துக் காலை வையுங்கள்.

ஹாரி பாட்டருக்கு ஏற்கெனவே எட்டுப் படங்கள் இருக்கின்றன. எதற்கு மறுபடியும்? புது டம்பிள்டோர், புது ஸ்னேப் யாருமே மனசுக்கு ஒட்டவில்லை. எங்கள் ஹாஸ்டலில் நாங்கள் போட்ட நடிகர் பட்டியலே இதைவிட நன்றாக இருக்கிறது. இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.
— கல்லூரி மாணவர், விருதுநகர்

பார்த்தேன் தம்பி. நான்கு பக்கம், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பரீட்சைப் பேப்பரும் இப்படி இருந்தால் உங்கள் பேராசிரியர் சந்தோஷப்படுவார். நீங்கள் எல்லோருக்கும் முகம் பார்த்து வேஷம் கொடுத்திருக்கிறீர்கள். நான் இந்த டப்பிங் வசனம் எழுதும் தொழிலில் இருபது வருஷமாக இருப்பதாலோ என்னவோ, முதலில் பார்ப்பது பிறந்த வருஷத்தைத்தான்.

அமெரிக்க சேனலான எச்.பி.ஓ. இந்தத் தொடரை 2023 ஏப்ரலில் அறிவித்தது. ஏழு புத்தகங்களையும் ஏறக்குறைய பத்து வருஷத்தில் சொல்லி முடிப்பதாகத் திட்டம். மந்திரப் பள்ளியின் தலைமை ஆசிரியர் டம்பிள்டோராக வரும் ஜான் லித்கோ 1945-இல் பிறந்தவர். படப்பிடிப்பின் கடைசி நாள் விருந்து நடக்கும்போது தனக்கு 87 வயது இருக்கும் என்று அவரே சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். பழைய படங்களில் முதல் டம்பிள்டோராக நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் 2002-இல், இரண்டாவது படம் திரைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்னால் இறந்துபோனார். மூன்றாவது படத்திலிருந்து மைக்கேல் கேம்பன். உங்கள் பட்டியலில் டம்பிள்டோராக இருப்பவரைவிட லித்கோ மூத்தவர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து வருஷத்துக்குத் தேதி கொடுக்க அந்த இன்னொருவர் சம்மதிப்பாரா? அதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை.

பெரியவர்கள்கூடப் பரவாயில்லை, பிள்ளைகள் பாடுதான் பெரிய பாடு. ஹாரி, ரான், ஹெர்மயனி மூன்று பேருக்கும் பிரிட்டன், அயர்லாந்தில் 9 முதல் 11 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைத் தேடினார்கள். 30,000 பேருக்கு மேல் வந்தார்களாம். 2025 ஜூலையில் படப்பிடிப்பு தொடங்கியது. இனி ஒவ்வொரு சீசனுக்கும் இடையில் ஒரு வருஷம் தாமதமானாலும் பையனுக்கு மீசை முளைத்துவிடும். பழைய படங்களைத் தொடங்கியபோது டேனியல் ராட்க்ளிஃபுக்கு 11 வயது. முடித்தபோது 20. எட்டுப் படங்களைப் பத்து வருஷத்துக்குள் எடுத்து முடித்தார்கள். அதற்காகவே அந்தத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இதை நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அடிபட்டிருக்கிறேன். பல வருஷம் முன்னால் ஒரு வெளிநாட்டுத் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதினேன். கதாநாயகன் சின்னப் பையன். பொதுவாக எங்கள் தொழிலில் சிறுவர்களுக்குப் பெண்கள்தான் குரல் கொடுப்பார்கள். அதில் ஒரு சௌகரியம் உண்டு, பெண்களுக்கு மகரக்கட்டு உடையாது. நான்தான் அதிகப்பிரசங்கித்தனமாக, நிஜமான பையன் பேசினால் உயிராக இருக்கும் என்று அடம்பிடித்து, வடபழனியில் ஒரு பாட்டு டீச்சரின் பேரனைப் பிடித்து வந்தேன். இரண்டு சீசன் தேன் மாதிரிப் பேசினான். மூன்றாவது சீசனுக்கு வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு “அம்மா” என்றான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் நாற்காலியில் அப்படியே பின்னால் சாய்ந்தார். மைக்கில் கேட்டது ஒரு லாரி டிரைவரின் குரல். திரையில் இருந்த பையனோ, மூன்று மாத இடைவெளியில் எடுத்து முடித்த சீசன், இன்னும் பால் வடியும் முகம்! கடைசியில் அந்தப் பையனின் அக்காவைக் கூட்டி வந்து பேசவைத்தோம். பையன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்த ரோஸ் மில்க்கை அவன் தொடவே இல்லை.

டப்பிங் எழுதுகிறவர்களுக்குக் கதை முன்கூட்டியே தெரிந்துவிடுமே? எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டு யூகிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வராதா?
— இல்லத்தரசி, மன்னார்குடி

பெரிய தொடர் என்றால் எங்களுக்கு வருவது கறுப்புத் திரை அம்மா. யார் பேசுகிறாரோ அவருடைய வாய் இருக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள். மற்றதெல்லாம் இருட்டு. படம் வெளியே கசிந்தால் யாரிடமிருந்து போனது என்று தெரிய, குறுக்கே வெளிறிய எழுத்தில் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும். எத்தனை கோடி செலவில் டிராகனைப் பறக்கவிட்டாலும் எனக்குத் தெரிவது நான்கு பல்லும் ஒரு தாடியும்தான்.

சிரிப்பா வரும்? ஒரு தடவை ஒரு ராணி பேசுகிறாள். “வேண்டாம், செய்யாதே” என்கிற அர்த்தத்தில் நான்கு தடவை சொல்கிறாள். யாரிடம்? இங்கிலீஷில் அது யாராக இருந்தாலும் ஒன்றுதான். தமிழில் எழுதுகிறவளுக்கு எதிரே நிற்பது தம்பியா, கணவனா, அப்பாவா என்று தெரியாமல் ஒரு வார்த்தை எழுத முடியாது. “வேண்டாம்டா”வா, “வேண்டாங்க”வா, “வேண்டாம்பா”வா? குரலில் இருந்த உரிமையைக் கேட்டு, தம்பிதான் என்று தீர்மானித்து “வேண்டாம்டா” போட்டேன். ஒலிப்பதிவும் முடிந்தது. அப்புறம் முழுப் படத்தைப் பார்த்தவர்கள் பதறிக்கொண்டு போன் செய்தார்கள். எதிரே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தது அவளுடைய அப்பா, மகாராஜா. ராத்திரி பதினொன்றரைக்கு அந்தக் குரல் கொடுத்த பெண்ணை வீட்டிலிருந்து வரவழைத்து நான்கு “டா”வையும் எடுத்தோம். ஆட்டோ காசு என் கையிலிருந்து.

ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வேறு போட்டிருப்போம். என் தம்பி மகன் இந்த மாதிரித் தொடர்களுக்கு அடிமை. யார் சாவார், யார் யாருக்குப் பிறந்தவர் என்று ஒரு நோட்டே வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் சாம்பார் சாதம் முடிந்ததும் சொன்னான்: “அத்தை, நீங்க வாய் திறக்க வேண்டாம். நான் சொல்றது சரின்னா ரசம் ஊத்துங்க, தப்புன்னா மோர் ஊத்துங்க.” நான் இரண்டையும் ஊற்றாமல் எழுந்து போய் அப்பளம் பொரித்தேன். திரும்பி வந்து பார்த்தால் நோட்டில் எழுதியிருக்கிறான்: “அப்பளம் — பாதி சரி.”

‘வீல் ஆஃப் டைம்’ மாயாஜாலத் தொடரை மூன்றே சீசனில் நிறுத்திவிட்டார்கள். பதினான்கு புத்தகங்களையும் படித்தவன் நான். மூன்றாவது சீசன்தான் இருப்பதிலேயே நன்றாக இருந்தது. நன்றாக வரும்போது நிறுத்துவது என்ன நியாயம்?
— வங்கி ஊழியர், திருச்சி

நியாயம் பார்த்து யார் தொடர் எடுக்கிறார்கள் சார்! உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. நானும் அந்த மூன்றாவது சீசனைப் பார்த்துவிட்டு நான்காவதற்காகக் காத்திருந்தவள்தான். 2025 மார்ச்சில் வந்தது, மே மாதம் நிறுத்திவிட்டதாகச் செய்தி. கதை அப்போது ஏறக்குறைய நான்காவது புத்தகத்தில் நிற்கிறது.

ஆனால் இந்தப் புத்தகங்களின் தலையெழுத்தே காத்திருப்புதான். முதல் புத்தகம் 1990. எழுதிய ராபர்ட் ஜோர்டன் கதையை முடிக்காமல் 2007 செப்டம்பரில் இறந்துபோனார். அவருடைய மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் அவருக்கு எடிட்டரும்கூட. கணவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்துக்கொண்டு, யார் முடித்துக் கொடுப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ப்ராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் ஜோர்டனுக்கு எழுதிய அஞ்சலி அவர் கண்ணில் பட்டது. அவரிடமே கொடுத்தார். ஒரே புத்தகமாக முடிக்க நினைத்தது மூன்றாக வளர்ந்து, 2013 ஜனவரியில்தான் முற்றும் போட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு கூத்து நடந்தது, கேளுங்கள். 2015 பிப்ரவரி 9, அமெரிக்காவில் எஃப்.எக்ஸ்.எக்ஸ். சேனல். ராத்திரி ஒன்றரை மணி. நம் ஊரில் அந்த நேரத்தில் மூட்டுவலித் தைலமும் ராசிக்கல் மோதிரமும் விற்பார்கள். அந்த நேரத்தில், விளம்பரம் இல்லை, முன்னறிவிப்பு இல்லை, ‘வீல் ஆஃப் டைம்’ கதையின் முன்னுரையை மட்டும் எடுத்து அரை மணி நேரப் படமாக ஒளிபரப்பிவிட்டார்கள். ‘டைட்டானிக்’ படத்தில் வில்லனாக வந்த பில்லி ஸேன் அதில் நடித்திருந்தார். வருஷக்கணக்காக யார் நடிப்பார், எங்கே எடுப்பார்கள் என்று பேசிக்கொண்டிருந்த ரசிகர்கள் தூங்கி எழுந்து பார்த்தால் படம் வந்து போயே விட்டது! ஜோர்டனின் மனைவிக்கும் தெரியாது. தனக்கு யாரும் சொல்லவே இல்லை என்று அவர் அறிக்கை விட்டார்.

விஷயம் இவ்வளவுதான். திரைப்பட உரிமை வாங்கியவர்கள் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் எதையாவது எடுத்துக் காட்டாவிட்டால் உரிமை கைவிட்டுப் போய்விடும். குத்தகை நிலம் தரிசாகக் கிடந்தால் கைவிட்டுப் போய்விடுமே என்று ஒரு சால் உழுதுவைப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. அப்புறம் வழக்கு, சமரசம், எல்லாம் முடிந்து 2016-இல் சிக்கல் தீர்ந்தது. அமேசான் கைக்கு வந்து, செக் நாட்டில் பிராக் நகரத்தைச் சுற்றி எடுத்து, 2021 நவம்பரில் முதல் சீசன். நடுவில் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றது. மேட் என்ற பாத்திரத்தில் நடித்தவர் பாதியில் போய்விட, இரண்டாவது சீசனில் வேறு முகம்.

கதையில் வரும் மந்திரக்காரி மொய்ரேனாக யார் நடிப்பார் என்று வாசகர்கள் எத்தனை வருஷம் அடித்துக்கொண்டார்கள்! ரோஸமண்ட் பைக் வந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள், அவ்வளவு பொருத்தம். பொருத்தமான முகம் கிடைத்தும் கதை முடியவில்லை, என்ன செய்ய.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையை எழுதும் ஜார்ஜ் மார்ட்டினின் ஆறாவது புத்தகம் எப்போது வரும்?
— ஆட்டோ ஓட்டுநர், திண்டுக்கல்

ஐந்தாவது வந்தது 2011 ஜூலையில். அப்போது பிறந்த குழந்தை இப்போது பத்தாம் வகுப்புக்குப் படித்துக்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள் அண்ணா.

ரசிகர்கள் யூகித்தது எப்போதாவது அப்படியே பலித்திருக்கிறதா? அல்லது எல்லாமே பொழுதுபோகாத பேச்சுதானா?
— ஆசிரியை, நாகர்கோவில்

பலித்திருக்கிறது டீச்சர். அதில் ஒன்று ஒரு தொடரையே பிறக்க வைத்தது.

ஜார்ஜ் மார்ட்டின் எண்பதுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு எழுதிக்கொண்டிருந்தவர். எதை எழுதிக் கொடுத்தாலும் “இவ்வளவு செலவு தாங்காது, குதிரையைக் குறை, ஆளைக் குறை” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். சரி, இனிமேல் யாராலும் படமாக எடுக்கவே முடியாத ஒன்றை எழுதுகிறேன் என்று கிளம்பினார். மைல் கணக்கில் பனிச்சுவர், நூற்றுக்கணக்கில் பாத்திரங்கள், டிராகன்கள். முதல் புத்தகம் 1996-இல் வந்தது. அதில் ஜான் ஸ்னோ என்று ஒரு பையன், பெரிய மனிதர் ஒருவரின் முறைதவறிப் பிறந்த மகன் என்று வளர்கிறான். அம்மா யார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாசகர்கள் அங்கங்கே சிந்திக் கிடந்த குறிப்புகளைப் பொறுக்கி, சில வருஷங்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்: ஊர் நினைக்கிற மாதிரி அவன் அந்த மனிதரின் மகனே இல்லை, அவருடைய தங்கை லயன்னாவின் மகன்.

2006-இல் டேவிட் பெனியாஃப், டி.பி. வெய்ஸ் என்ற இரண்டு பேர் இதைத் தொடராக எடுக்க அனுமதி கேட்டு மார்ட்டினை லாஸ் ஏஞ்சலஸில் ஓர் உணவகத்தில் சந்தித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை, பேச்சு மணிக்கணக்காக நீண்டது. மார்ட்டின் கேட்ட முக்கியமான கேள்வி எவ்வளவு பணம் போடுவீர்கள் என்பதல்ல. “ஜான் ஸ்னோவின் அம்மா யார்?” என்று கேட்டார். அவர்கள் யூகித்துச் சொன்னார்கள், சரியாக இருந்தது. பெண் பார்க்க வந்தவரிடம் சம்பளத்தைக் கேட்காமல் திருக்குறள் கேட்கிற மாமனார் மாதிரி எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

அந்தப் பதிலைத் திரையில் காட்டியது 2016-இல். அதற்கு ஒரு வருஷம் முன்பே ரசிகர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். எப்படி? நடிகர் தேர்வுக்கான அறிவிப்பு ஒன்று வெளியே வந்தது. அதில் பெயர் இருக்காது. “முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ இருக்கும் மாவீரர். முதுகில் மிகவும் புகழ்பெற்ற ஒரு வாள்.” அவ்வளவுதான் இருந்தது. புத்தகம் படித்தவர்களுக்கு அது போதாதா? அந்த வாள் ஆர்தர் டெய்னுடையது. ஆர்தர் டெய்ன் வருகிறார் என்றால் அவர் காவல் நின்ற கோபுரம் வருகிறது. கோபுரம் வந்தால் உள்ளே லயன்னா இருந்தாக வேண்டும். லயன்னா இருந்தால் அம்மா யார் என்று சொல்லப்போகிறார்கள். ஒரு வாளிலிருந்து ஒரு பிரசவ அறை வரைக்கும் வந்துவிட்டார்கள்! எங்கள் பாட்டி, எதிர் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே சம்பந்தம் பேச எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று சொல்வார். அதே மூளைதான்.

அதே சமயத்தில் இன்னொரு வேடிக்கை. 2015 ஜூனில் அந்த ஜான் ஸ்னோவைக் கத்தியால் குத்திச் சாகடித்துவிட்டு சீசனை முடித்தார்கள். நடித்த கிட் ஹாரிங்டன் ஊரெல்லாம் “நான் செத்துவிட்டேன், திரும்பி வரமாட்டேன்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ரசிகர்கள் அவர் வாயை நம்பவில்லை, தலைமுடியைப் பார்த்தார்கள். முடியை வெட்டவில்லை, அப்படியானால் வேஷம் முடியவில்லை! ஒரு நாள் அவர் காரை வேகமாக ஓட்டிப்போய் போலீஸில் மாட்டிக்கொண்டார். அந்தப் போலீஸ்காரர், “ஸ்டேஷனுக்கு வந்து வழக்கைச் சந்திக்கிறீர்களா, அல்லது அடுத்த சீசனில் உயிரோடு இருக்கிறீர்களா என்று சொல்கிறீர்களா?” என்று கேட்டாராம். “உயிரோடு இருக்கிறேன்” என்றதும் விட்டுவிட்டாராம். இதைப் பின்னால் ஹாரிங்டனே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். லஞ்சத்தில் இத்தனை சுத்தமான லஞ்சத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

நடிகர் பிடிக்கவில்லை, முடிவு பிடிக்கவில்லை என்று நாம் சத்தம் போட்டால் மாற்றுவார்களா?
— மருந்துக் கடை உரிமையாளர், ஈரோடு

மாற்ற மாட்டார்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 2019 மே மாதம் முடிந்தபோது, கடைசி சீசனைத் திரும்ப எடுங்கள் என்று பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து போட்டார்கள். ஒரு காட்சிகூட மாறவில்லை.

ஆனால் சரியான ஆள் சரியான நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாமே மாறும். அதே தொடரின் முதல் பைலட்டை, அதாவது வெள்ளோட்ட எபிசோடை, 2009-இல் எடுத்து முடித்து நண்பர்கள் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்குக் கதையே புரியவில்லை. கதையில் வரும் ஜெய்மியும் செர்சியும் அண்ணன் தங்கை முறைகூட இல்லை, இரட்டைப் பிள்ளைகள். கதையின் அதிர்ச்சியே அவர்கள் அப்படியிருந்தும் உறவு வைத்திருப்பதுதான். அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பதே பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை! கிரேக் மேசின் என்ற நண்பர் எழுதிக்கொடுத்தது, உங்களுக்கு மாபெரும் சிக்கல் இருக்கிறது என்ற ஒரே கருத்து. பின்னால் ‘செர்னோபில்’ தொடரை எழுதியவர் இவர்தான். கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப எடுத்தார்கள். டெனேரிஸாக நடித்த பெண்ணுக்குப் பதில் எமிலியா கிளார்க் வந்தார். கேட்லின் வேஷமும் வேறொருவருக்குப் போனது. 2011 ஏப்ரலில் நீங்கள் பார்த்தது அந்த இரண்டாவது முயற்சி.

நண்பன் என்றால் அவன் நண்பன். எனக்கு வாய்த்தவர்கள் எல்லோரும் “சூப்பர்” என்று சொல்லிவிட்டுக் காபி கேட்கிறவர்கள்.

புத்தகத்தைப் படித்துவிட்டுத் தொடர் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா?
— வாசகி, யாழ்ப்பாணம்

படித்துவிட்டுப் பாருங்கள் தங்கச்சி. அப்போதுதான் திட்டுவதற்கு உரிமை கிடைக்கும்.

‘ஹோடோர்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவீர்கள்? உங்களால் முடியாது என்று என் நண்பனிடம் நூறு ரூபாய் பந்தயம் கட்டியிருக்கிறேன்.
— எம்.எஸ்., கோயம்புத்தூர்

என்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்ததற்கு நன்றி.

தெரியாதவர்களுக்கு: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையில் ஹோடோர் என்று ஒரு மலை மாதிரி ஆள். வாயைத் திறந்தால் “ஹோடோர்” என்ற ஒரே வார்த்தைதான் வரும். ஏன் என்று இருபது வருஷம் யாருக்கும் தெரியாது. 2016 மே மாதம் ஒளிபரப்பான காட்சியில் தெரிந்தது. பிணங்கள் படையாக வந்து மோதும் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு அவன் நிற்கிறான். தப்பி ஓடும் பெண் “ஹோல்டு தி டோர்” என்று கத்துகிறாள், கதவைத் தாங்கிக்கொள் என்று. அந்தக் கத்தல் மாயமாகக் காலத்தைத் தாண்டிப் போய், சிறுவனாக இருந்த அவன் காதில் விழுகிறது. அவன் வலிப்பு வந்து விழுந்து, அதையே சொல்லிச் சொல்லி, தேய்ந்து தேய்ந்து, “ஹோடோர்” ஆகிறது. ஆக, அந்த வார்த்தை அவன் சாகப்போகிற இடம்.

ஜெர்மன்காரர்களுக்கு அதிர்ஷ்டம், அவர்கள் மொழியில் பெரிய வாயிற்கதவு “டோர்”, “ஹால்ட் தாஸ் டோர்” என்று போட்டுத் தப்பித்துவிட்டார்கள். நமக்கு? இந்தத் தொடருக்கு நான் எழுதியவள் இல்லை. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்த அன்று ராத்திரி தூங்கவில்லை. “கதவைப் பிடி.” கதவைப்பிடி, கதபிடி, கபிடி... காலை நான்கு மணிக்கு எனக்குக் கிடைத்தது “கபடி”. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷமாக ஒரு மனிதன் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டிருந்ததன் அர்த்தம் இதுவா! என்ன ஒரு தமிழ்த்தனம்!

விடிந்ததும் எங்கள் சவுண்ட் இன்ஜினியரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைக்காமல், “உதடு மேடம்” என்றார். டப்பிங்கில் முதல் பாடமே அதுதான். ‘ப’வும் ‘ம’வும் உதடு ஒட்டும் எழுத்து. திரையில் நடிகரின் உதடு ஒட்டாத இடத்தில் அதைப் போட்டால், எவ்வளவு நல்ல வசனமாக இருந்தாலும் பார்க்கிறவருக்கு ஏதோ இடிக்கும். “ஹோடோர்” என்று சொல்லிப் பாருங்கள். உதடு குவியும், ஒட்டவே ஒட்டாது. கபடியில் நட்ட நடுவில் ‘ப’ உட்கார்ந்திருக்கிறது. தவிர, மொத்தத் தியேட்டரும் சாவுக் காட்சியில் சிரித்துவிடும்.

ஒரு வாரம் கழித்து, மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போது கிடைத்தது. முன்னால் நின்ற பெண் தன் பிள்ளையைப் பார்த்துக் கத்தினாள்: “ஓடாதே! ஓடாதேடா!” ஓடாதே. ஓடா. ஹோடா. ஹோடோர். உதடு குவிகிறது, ஒட்டவில்லை. கதவு என்ற சொல்லே இல்லாமல் போனால் போகட்டும், கதவுதான் திரையில் தெரிகிறதே. தான் ஓடிக்கொண்டே அவனைப் பார்த்து “ஓடாதே” என்று ஒரு பெண் கத்துகிறாள். கேட்டுக்கொண்டு அவன் நிற்கிறான். எனக்கு மூலத்தைவிட இது கொஞ்சம் கொடூரமாகப் பட்டது. மாவு அரைக்கக் கொடுத்த தூக்கை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நூறு ரூபாயை நண்பரிடம் கொடுத்துவிடுங்கள்.

அத்தை, நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். ஹாரி பாட்டர் புதுத் தொடர் தமிழில் வந்தால் ஹெர்மயனிக்கு நான் பேசலாமா? எனக்கு எல்லா மந்திரமும் மனப்பாடம். அம்மாதான் உங்களுக்கு எழுதிப் பார்க்கச் சொன்னார்.
— மாணவி, திருநெல்வேலி

பேசலாமே செல்லம். யாருக்கு அந்த வேலை போகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பழகிக்கொள்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தினமும் பேப்பரில் ஒரு செய்தியைச் சத்தமாகப் படி, செய்தி வாசிப்பவர் மாதிரி இல்லாமல், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்கிற மாதிரி. ‘ழ’வும் ‘ள’வும் வேறு வேறாக வர வேண்டும். ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு மைக் முன்னால் நிற்காதே.

ஒரு பரீட்சை வைக்கிறேன். முதல் புத்தகத்தில் இறகைப் பறக்கவைக்கும் வகுப்பு வருமே, ரான் தப்பாகச் சொல்ல, ஹெர்மயனி திருத்துவாளே. அந்த இரண்டு பேரின் வசனத்தையும் நீயே தமிழில் எழுதி, இரண்டு குரலில் பேசி, அம்மாவின் போனில் பதிவு செய். கேட்டுப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள். யார் ரான், யார் ஹெர்மயனி என்று பெயர் சொல்லாமலே தெரிந்தால் நீ பாஸ். அவசரப்படாதே, ஹெர்மயனி அந்த இடத்தில் கொஞ்சம் திமிராகத்தான் சொல்வாள். “விங்-கார்-டியம் லெவி-ஓ-ஸா”வில் அந்த ‘கார்’ நன்றாக நீளட்டும்.